காயாத சாரன்

1957ஆம் ஆண்டு மார்கழியில் ஜுனைதீன் தன் கையால் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டுப் போன நீலக் கட்டச் சாரன் 1974ஆம் ஆண்டிலும் காயவில்லை. பல்லேபொலைக்கு அப்பால், மிளகுக் கொடிகளுக்கும் பாக்கு மரங்களுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன முஸ்லிம் ஊரில் இப்போது அதைப் பற்றி யாரும் தானாகப் பேசுவதில்லை. வெளியூர்க்காரர்கள் கேட்டால், அந்த வருடம் பாக்கு என்ன விலை போனது என்று சொல்லுகிற குரலில் சொல்வார்கள். முதல் சில மாதங்கள் மட்டும் அப்படி இருக்கவில்லை. சாரன் காயாததால் ஒரு வீட்டுக்கு அரசாங்க உதவிப் பணம் கிடைக்காமல் நின்றது. பணம் நின்றதால் ஒரு பெண் குழந்தை அந்த வீட்டைவிட்டுப் போக இருந்தது.

ஜுனைதீன் தவளக்காரர். பொதி மாடுகளில் உப்பும் கருவாடும் ஏற்றி மலை தாண்டி லக்கலைக்குப் போய், பாக்கும் மிளகும் குரக்கன் தானியமும் ஏற்றித் திரும்புவது அவருடைய தொழில். ரத்தோட்டை வரை லொறியில் வரும் சாமானை அங்கே மாடுகளில் கட்டி, ரிவர்ஸ்டன் பனிக்குள் நுழைந்து மறுபக்கம் இறங்க வேண்டும். மாடுகள் மாத்தளை முதலாளி ஒருவருடையவை. ஜுனைதீனுக்குச் சொந்தம் என்று இருந்தவை ஒரு மண் சுவர் வீடு, அந்த வீடு நிற்கிற அளவுக்கு நிலம், இரண்டு சாரன்கள். ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார். மற்றதைப் புறப்படும் காலையில் கிணற்றடியில் தானே துவைத்துப் போடுவார். திரும்பி வந்து குளித்ததும் கட்டிக்கொள்ள அது காய்ந்து மடித்துத் தயாராக இருக்க வேண்டும். மனைவி உம்மு குல்தூம் கேட்டாலும் துவைக்கக் கொடுக்கமாட்டார். கல்யாணமான புதிதில் அவளுக்கு அது வெட்கமாக இருந்தது. பிறகு, ஈரச் சாரனை அவர் பிழிந்து உதறுகிற சத்தம் கேட்டாலே, அவர் புறப்படுகிறார் என்று கைவேலையை விட்டு எழும்பி வர அவள் பழகிவிட்டாள். அந்த மார்கழியிலும் உதறிப் போட்டார். வானம் கறுத்துக் கிடந்தது. இந்த மழையில் என்னத்தைக் காயப்போடுகிறீர்கள் என்று அவள் கேட்டாள்.

"நான் வாறதுக்குள்ள காஞ்சிடும்," என்றார்.

அந்த வருட வெள்ளத்தைப் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. தெல்கமு ஓயாவைக் கடக்கும்போது பொதி மாடொன்றின் கயிறு கும்புக்கு மரத்து வேரில் சிக்கியது. ஜுனைதீன் இறங்கி அதை அறுத்துவிட்டார். மாடு கரையேறியது. கூடப் போனவர்கள் ஆற்றோரமாக நெடுந்தூரம் தேடினார்கள், தண்ணீர் வடிந்த பிறகும் தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை. செய்தி வந்த அன்று உம்மு குல்தூம் அழவில்லை. உடல் இல்லாமல் எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெள்ள நிவாரணமாக அரிசியும் பருப்பும் கொடுக்க வந்தவர்கள் அவளுடைய வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சுவர் நின்றது, கூரை நின்றது. வீடு போனவர்களுக்குத்தான் நிவாரணம், ஆள் போனவர்களுக்கு இல்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

மழை விட்டு, வெயில் வந்து, முற்றத்துச் சேறு வெடித்த பிறகுதான் சாரன் காயவில்லை என்பதை மூத்த மகள் ஸரீனா கண்டுபிடித்தாள். அவளுக்கு ஆறு வயது. கொடியின் கீழே வெயிலில் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது, அதில் தண்ணீர் நின்றது. மற்றத் துணிகள் மொறுமொறுவென்று காய்ந்திருக்க, சாரன் மட்டும் இப்போதுதான் கிணற்றிலிருந்து எடுத்ததுபோலச் சொட்டிக்கொண்டிருந்தது. அயல் பெண்கள் வந்தார்கள். துணியைப் பிழியத் தெரியாத வீடா இது என்று ஒருத்தி கேலி செய்தபடி அதை எடுத்து முறுக்கினாள். முறுக்க முறுக்கத் தண்ணீர் வந்தது. கிணற்றுத் தண்ணீர் அல்ல, கலங்கல் தண்ணீர். மணல் வந்தது. ஒரு கும்புக்கு இலை வந்தது. முறுக்கிய பெண் சாரனை அப்படியே விட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்தபடி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனாள். அதன் பிறகு பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் ஊர்ப் பிள்ளைகள் அந்தக் கொடிப் பக்கம் போவதில்லை. ஆற்றுக்கு அடியில் மாட்டு மணி கேட்பதுபோல அதிலிருந்து ஒரு சத்தம் வருகிறது என்று சொன்னவர்கள் இருந்தார்கள்.

அந்தக் காலத்தில் ஒன்றுமில்லாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் ஒரு சிறு தொகை கொடுத்தது. அதன் சரியான பெயர் பொதுசன உதவிப் பணம். ஊரில் அதைப் பிச்சைச் சம்பளம் என்றார்கள். அதைப் பெறுவதற்கு ஒருவர் எவ்வளவு இல்லாதவராக இருக்க வேண்டும் என்பதை அரசாங்கத்தின் ஊர் அதிகாரியான விதானை முத்தலிப் தீர்மானித்தார். காணி இருக்கக் கூடாது, மாடு இருக்கக் கூடாது, தாங்கக்கூடிய சகோதரர்கள் இருக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாக உழைக்கிற ஆம்பிளை வீட்டில் இருக்கக் கூடாது. முத்தலிப் கெட்டவரல்ல. ஒருமுறை பொய் சொன்ன ஒரு வீட்டுக்குச் சிபாரிசு செய்து, மாவட்டக் கச்சேரியில் மேலதிகாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். வேலை போய்விடும் என்கிற பயம் அவருக்கு எப்போதும் இருந்தது. ஆகவே அவர் வாசலில் நின்று கேள்வி கேட்பதில்லை. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரே வீட்டின் பின்பக்கம் போய் உடுப்புக் கொடியைப் பார்ப்பார். அவர் வருகிறார் என்று தெரிந்தால் ஊரே மாறிவிடும். கோழிகள் கூடைக்குள் போகும், நல்ல பாய் அடுத்த வீட்டுக்குப் போகும், எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றுவார்கள். கொடியை மறைக்க மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது. புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று அழுத எத்தனையோ வீடுகளின் கொடியில் அவர் ஈரச் சாரனைக் கண்டிருக்கிறார்.

உம்மு குல்தூம் மனுப் போட்டபோதும் அப்படித்தான் போய்ப் பார்த்தார். பார்த்துவிட்டு முன்பக்கம் வந்தார்.

"ஆம்பிள இல்லாத ஊட்டுக் கொடியில சாரன் என்னத்துக்குத் தங்கச்சி?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார், நம்பவும் செய்தார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே. ஆனால் தன் கண்ணால் கண்ட ஈரச் சாரனைக் காணவில்லை என்று எழுத அவருக்குத் துணிவில்லை. மேலிருந்து ஒருவர் திடீரென்று வந்து பார்த்தால் என்ன சொல்வது? காயட்டும், காய்ந்ததும் வந்து எழுதுகிறேன் என்றார். அடுத்த மாதம் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். உம்மு குல்தூம் மாத்தளைக்கு நடந்து போய் டீ.ஆர்.ஓ. என்கிற பகுதி அதிகாரியின் கந்தோர் வராந்தாவில் நாள் முழுக்க நின்றாள். பக்கத்தில் ரிவர்ஸ்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்து ராசம்மா நின்றாள். புருஷன் மலையில் மரம் விழுந்து செத்துப்போனவன், அத்தாட்சி எல்லாம் கையில் இருந்தது. உள்ளே போய்விட்டு வந்து ராசம்மா சிரித்தாள்.

"எல்லாம் சரியா இருக்குன்னாங்க தாயி. ஆனா நான்தான் இந்த நாட்டுல இல்லையாம்."

தோட்டத்து ஆட்கள் பலருக்கு அப்போது பிரஜாவுரிமை இருக்கவில்லை. உம்மு குல்தூமுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே அவளுக்குச் சொன்னது இதுதான்: கணவன் செத்திருந்தால் விதவை; விட்டுவிட்டுப் போயிருந்தால் வழக்குப் போட வேண்டும்; செத்தாரா போனாரா என்று தெரியாதவர் வீட்டில் இருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

நோன்பு வந்து போயிற்று. வீட்டில் மரவள்ளிக் கிழங்கு, அதுவும் ஒரு வேளை. இளையவள் மஸீஹாவுக்கு மூன்று வயது. பிற்பகல் அஸர் தொழுகை முடிகிற நேரத்தில் தினமும் வேலியடிக்கு ஓடிப்போய் வாப்பாவின் மாட்டு மணி கேட்கிறதா என்று காதைக் கொடுத்து நிற்பாள். அந்த நாட்களில்தான் றாபியா வரத் தொடங்கினார். கொழும்பில் பெரிய வீடுகளுக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறவர் அவர். நல்ல பேச்சு, கையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்துக் கொடுக்கும்போதே ஸரீனாவின் உயரத்தைக் கண்ணால் அளந்தார். அங்கே மூன்று வேளையும் சோறு, சின்னக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வேலை, பெருநாளைக்குப் புதுச் சட்டை என்றார். உம்மு குல்தூம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கொழும்புக்குப் போன பிள்ளைகளில் திரும்பி வந்தவர்கள் யார் யார் என்று அவள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். எண்ண அதிகம் இருக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் வருகிறேன், பிள்ளையின் உடுப்பைக் கட்டி வையுங்கள் என்று றாபியா சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஸரீனா பிஸ்கட்டைத் தின்னவில்லை. கையிலேயே வைத்திருந்து தங்கைக்குக் கொடுத்தாள்.

ஊர் கூடி ஒரு வழி சொன்னது. உம்மு குல்தூம் இத்தா இருக்கட்டும். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் பார்வைக்குப் படாமல் திரைக்குள் இருக்க வேண்டும்; அதில் உட்கார்ந்தாலே அது அவர் மௌத்தாகிவிட்டார் என்பதற்கு ஊரின் சாட்சி. பள்ளிவாசல் லெப்பை ஸெய்னுலாப்தீன் கையெழுத்துப் போடுவார், விதானை அதை ஏற்பார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. லெப்பை மட்டும் தாடியைத் தடவிக்கொண்டு ஒரு சந்தேகம் கேட்டார்: புருஷனுடைய ஈரச் சாரன் கொடியில் தொங்க, பெண் எப்படி உள்ளே இத்தா இருப்பது? அது முதலில் காயட்டும். விதானை சொன்னதையே அவரும் சொன்னார்.

ஆகவே பெருநாள் முடிந்த கிழமை உம்மு குல்தூம் சாரனைக் காயவைக்கத் தீர்மானித்தாள். குழந்தைத் துணி காயவைக்கிற மூங்கில் கூடை ஒன்று வீட்டில் இருந்தது. சட்டியில் சிரட்டைத் தணல் போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் சாரனை விரித்தாள். கொஞ்சம் சாம்பிராணியும் போட்டாள், ஏன் போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. ஆற்றுச் சேற்று மணத்தோடு ஆவி எழும்பியது. தணலை ஊதி ஊதிக் கண் எரிந்தது. மதியம் கழிந்து வெகு நேரத்துக்குப் பிறகு ஒரு மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு, துணி வெளிறியது. அவள் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

அஸர் பாங்கு சொன்னது. மஸீஹா வேலியடிக்கு ஓடவில்லை. முற்றத்தில் உட்கார்ந்து சிரட்டையில் மண் அள்ளிக்கொண்டிருந்தாள். வாப்பாவின் சாரன் காய்கிறது, வந்து பார் என்று ஸரீனா அவளைக் கூப்பிட்டாள். மஸீஹா நிமிர்ந்து பார்த்தாள்.

"வாப்பாண்டா யாரு?"

விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்றுதான் உம்மு குல்தூம் முதலில் நினைத்தாள். குழந்தையை மடியில் வைத்து, வாப்பா எப்படி இருப்பார், உன்னை எப்படித் தூக்குவார் என்று சொல்லத் தொடங்கினாள். வலது கையால் பிள்ளையைத் தூக்கி, இடது கையால்... அங்கே நின்றுவிட்டாள். இடது கை ஞாபகம் வரவில்லை. முகம் இருந்தது, சிரிக்கும்போது ஒருபக்கம் ஏறுகிற மீசை இருந்தது, வலது தோள் இருந்தது. இடது தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஏழு வருடம் அவளைத் தொட்ட கை, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. அவள் கண்ணை மூடித் தேடினாள். விரல் மோதிரம் போட்டதா, நகம் உடைந்திருந்ததா, ஒன்றும் கிடைக்கவில்லை. ஸரீனா பக்கத்தில் நின்று, வாப்பா தன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று மெல்லக் கேட்டாள். தனக்கு இப்போது மறந்துவிட்டது என்றாள். உம்மு குல்தூம் எழும்பி ஓடிப்போய்க் கூடையோடு தணலை உதைத்துத் தள்ளினாள்.

காய்ந்த மூலையில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் சேம்பு இலையில் ஓடுவதுபோல உருண்டு ஓடியது. அந்த உள்ளங்கை அகலம் அதற்குப் பிறகு ஒருபோதும் நனையவில்லை. மஸீஹாவுக்கும் வாப்பா திரும்பக் கிடைக்கவில்லை; மற்றவர்கள் சொல்லக் கேட்டுத்தான் அவள் தன் தகப்பனை அறிந்துகொண்டாள்.

இத்தா தொடங்குவதாகச் சொன்ன வெள்ளிக்கிழமை வந்தது. அவளால் ஊருக்கு என்ன சொல்ல முடியும்? பெண்கள் வந்து வெள்ளைத் துணியால் திரை கட்டினார்கள், அவளை உள்ளே உட்காரவைத்தார்கள். சாரனை அவள் அரிசிப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தாள். பெட்டியில் அரிசி இல்லாத காலம் அது. ஜும்ஆ முடிந்து லெப்பையும் விதானையும் வந்தார்கள். ஆண்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். பணம் கிடைக்காவிட்டால் பிள்ளையைக் கூட்டிப்போக றாபியாவும் வந்திருந்தார், ஸரீனாவின் சின்ன உடுப்புப் பை அவர் மடியில் இருந்தது. விதானை பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, கொடி வெறுமையாக இருப்பதில் மிகுந்த ஆறுதலோடு திரும்பி வந்தார். பேனையைத் திறந்தார். இந்தக் கேள்வியை மனுதாரரிடம் நேரில் கேட்க வேண்டும் என்பது சட்டம், அந்நிய ஆண் முன் அவள் வரக் கூடாது என்பது மார்க்கம். ஆகவே திரையைப் பார்த்துக் கேட்டார்.

"தங்கச்சி, இந்த ஊட்டுல ஆம்பிள ஈக்காரா?"

திரை லேசாக அசைந்தது. வெட்கம் என்று எண்ணி அவர் காத்திருந்தார். அப்போது திரையின் அடியிலிருந்து தண்ணீர் வந்தது. மெல்லிய கோடாக வந்து, சாணி மெழுகிய தரையில் வழி தேடி வளைந்து, லெப்பையின் பாயைச் சுற்றிக்கொண்டு, விதானையின் பாதத்தை நோக்கி வந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். யாரும் காலை இழுக்கவில்லை. ஆற்று மணம் வீடு முழுக்க நிறைந்தது. திரைக்குப் பின்னால் உம்மு குல்தூம் அரிசிப் பெட்டியின் மூடியை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்திருந்தாள். இல்லை என்ற ஒரு சொல் போதும், மகள் வீட்டில் இருப்பாள். ஆனால் அந்தச் சொல் வாயைவிட்டு வந்த கணமே பெட்டிக்குள் இருப்பது முழுக்கக் காய்ந்துவிடும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பிறகு அந்த வீட்டில் யாருக்காகப் பிச்சைச் சம்பளம் வருகிறது என்பது ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. விதானை இரண்டாவது முறை கேட்டார், குரல் இறங்கியிருந்தது.

"ஈக்காரு," என்றாள்.

விதானை பேனையை மூடினார். றாபியா பெருமூச்சு விட்டு, பையை எடுத்துக்கொண்டு எழும்பி, ஸரீனாவின் கையைப் பிடித்தார். கையைப் பிடித்த சத்தம் என்று ஒன்று கிடையாது. ஆனால் உம்மு குல்தூமுக்கு அது கேட்டது. திரை விலகியது. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டபடி அவள் வெளியே வந்தாள். இரண்டு கைகளிலும் சாரன் கிடந்தது, காய்ச்சலில் கிடக்கும் ஒருவரைத் தூக்கி வருவதுபோல. பெண்கள் வாயைப் பொத்தினார்கள். இத்தா இருக்கிறவள் வெளியே வந்துவிட்டாளே என்று ஒருத்தி முணுமுணுத்தாள்.

"நான் விதவை இல்ல ராத்தா, எனக்கு இத்தா இல்ல," என்றாள் உம்மு குல்தூம். பிறகு விதானையிடம் திரும்பினாள். "அவரு ஈக்காரு நானா. ஆனா அவருக்கு ஒழைக்க ஏலாது. இன்னும் ஆத்துலேந்து கரையேறல்ல. கரையேறாத மனிசன் எப்படி மாடு சாய்க்கிற? எப்படிப் புள்ளைக்கு அரிசி கொண்டு வார?"

முத்தலிப் பயந்துதான் போனார் என்று அங்கே நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். ஆனாலும் விதானை உத்தியோகம் அவருக்குள் ஊறியிருந்தது. சட்டத்தில் இன்னொரு வகை உண்டு என்பது அவருக்கு நினைவு வந்தது: நோயினால் உழைக்க முடியாத கணவனையுடைய பெண். அவர் கையை நீட்டிச் சாரனைத் தொட்டார். தொட்ட கையை எடுக்கவில்லை. தண்ணீர் குளிர்ந்திருக்கும் என்று நினைத்திருந்தார், அது சுட்டது.

"காச்சல் காயுது," என்றார். லெப்பையையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். லெப்பை தொட்டுவிட்டுத் தலையசைத்தார். விதானை மறுபடி பேனையைத் திறந்தார். "ஆள் ஊட்டுல. ஏலாத ஆள். அப்போதிக்கரிட்ட ஒரு துண்டு எடுக்கணும் தங்கச்சி, அது இல்லாம மேல ஏத்துக்க மாட்டாங்க."

"ஆளக் கூட்டிட்டுப் போறதா, பேசின்ல கொண்டு போறதா?" என்று வாசலில் ஒருவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, அது நியாயமான கேள்வியாகவே பட்டது.

சாரனைப் பேசினில் போட்டுத்தான் கொண்டு போனாள். பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு டிக்கட் கிழித்தார். டிஸ்பென்சரியில் நோய் பார்த்து மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி வயதான சிங்களவர். வெள்ளத்துக்குப் பிறகு அவர் எத்தனையோ வகை நோயாளிகளைப் பார்த்திருந்தார். சாரனின் மடிப்புக்குள் தேர்மாமீட்டரை வைத்து, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சாப்பிடுகிறாரா என்று கேட்டார். இல்லை என்றாள். நடக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றாள். கடும் வேலைக்குத் தகுதியற்றவர், நாட்பட்ட ஈரம் என்று எழுதிக் கொடுத்து, தணலில் காய்ச்ச வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். அடுத்த மாதம் முதல் பணம் வந்தது. றாபியா பிறகு அந்த வீட்டுக்கு வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே பிஸ்கட் பொட்டலத்தோடு அடுத்த ஒழுங்கையில் இன்னொரு வீட்டுக்குப் போனார். அங்கே திரை எதுவும் இருக்கவில்லை, பிள்ளை அவரோடு போயிற்று.

பணம் வந்ததால் பயம் போய்விடவில்லை. நோயாளி இன்னும் நோயாளிதானா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த நாள் நெருங்க நெருங்க உம்மு குல்தூம் ஸுபஹுக்கு எழும்பியதும் முதலில் கொடியடிக்குப் போய்ச் சாரனைத் தொட்டுப் பார்ப்பாள். மற்ற வீடுகள் கோழியை ஒளித்தன, அவளுக்கு ஒளிக்க ஒன்றுமில்லை. கணவர் காயாமல் இருக்க வேண்டுமே என்ற ஒன்றுதான். கிணறுகள் வற்றிய ஒரு வருடம் சொட்டுவது அடங்கி, தொட்டால் மட்டும் தெரிகிற ஈரம் மிஞ்சியது. பாத்திரத்தில் தண்ணீர் மொண்டுகொண்டு போய் அருகில் நின்றாள். ஊற்றவில்லை. ஊற்றினால் அது பொய் நோயாகிவிடும் என்று பயந்தாள். அவள் அங்கே நின்று அவருடைய முகத்தை, மீசையை, வலது கையை, குரலை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள், பாடம் சொல்லிப் பார்க்கிற பிள்ளைபோல. முத்தலிப் வந்து தொட்டபோது ஈரம் இருந்தது. மார்கழி மழைகளில் சாரன் கனத்துக் கொடி அறுந்தது. கயிற்றுக்குப் பதிலாகக் கம்பி கட்டினார்கள். முத்தலிப் ஓய்வு பெற்று, கிராம சேவகர் என்ற புதிய பெயரில் வேறு ஊரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். நோயாளியைக் காட்டுங்கள் என்றார். காட்டினார்கள். தொட்டுவிட்டுக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, முன்னவர் எழுதியதையே எழுதினார்.

பாண் ரொட்டி வாங்க விடியற்காலையில் வரிசை நின்ற 1974இல் ஸரீனாவுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை றஹீம், லொறிக்காரன். லக்கலைப் பக்கம் அப்போது லொறி போகத் தொடங்கியிருந்தது. அவன் மாத்தளையிலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றிப் போய் மிளகு ஏற்றி வந்தான். அதைக் கேட்டதும் உம்மு குல்தூமின் முகம் வெளுத்தது, ஆனால் வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அவளிடம் இல்லை. பிரச்சினை வேறிடத்தில் வந்தது. நிக்காஹுக்குப் பெண்ணின் தகப்பன் வலியாக, அதாவது அவளைக் கொடுக்கும் பொறுப்பாளராக, இருந்து சம்மதம் தர வேண்டும். தகப்பன் இல்லாவிட்டால் பெரியவாப்பா தரலாம். ஜுனைதீனின் ஒன்றுவிட்ட நானா ஒருவர் மாவனல்லையிலிருந்து தொப்பியோடு வந்தும் இருந்தார். மிகவும் வயதாகிப்போன ஸெய்னுலாப்தீன் லெப்பை முடியாது என்றார்.

"வாப்பா ஊட்டுல ஈக்காரு. அரசாங்கம் அவருக்குச் சம்பளம் குடுக்குது. அவரு ஈக்க, நான் வேற ஆள்ட எப்படிக் கேக்கிற?"

மாப்பிள்ளையைக் கொடியடிக்குக் கூட்டிப் போனார்கள். பாய் போட்டு, சாரனுக்கு நேரே லெப்பை உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் கையை அதன் கீழே நீட்டச் சொன்னார். உங்கள் மகள் ஸரீனாவை இன்னாருக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். சொட்டுவது நின்றுவிட்டது. கிணறுகள் வற்றிய அந்த வருடத்துக்குப் பிறகு அப்படி நின்றதே இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் உம்மு குல்தூம் அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை போகப் போகிறாள் என்று கேட்டதும் அவர் காயத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தாள். அவருடைய மீசை மனதில் இருக்கிறதா என்று அவசரமாகத் தேடினாள். மீசை இருந்தது. றஹீம் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு சொட்டு, வெதுவெதுப்பாக, அவனுடைய உள்ளங்கையில் விழுந்தது. லெப்பை சாட்சிகளைப் பார்த்தார். சாட்சிகள் பார்த்தோம் என்றார்கள். மரவள்ளிக் கிழங்கும் தேங்காய்ச் சம்பலும்தான் விருந்து.

வழக்கப்படி மருமகன் பெண் வீட்டிலேயே தங்கினான். அடுத்த மாதம் கிராம சேவகர் வந்து, வீட்டில் உழைக்கிற ஆம்பிளை ஒருவர் இருப்பதைக் கண்டு பெயரை வெட்டினார். அது சட்டப்படி சரி என்பதால் யாரும் அவரோடு பேச்சுக்குப் போகவில்லை. முதல் தரம் லக்கலைக்குப் புறப்பட்ட காலை றஹீம் கிணற்றடியில் தன் சாரனைத் துவைத்து உதறிய சத்தம் கேட்டு, உம்மு குல்தூம் அடுப்படியிலிருந்து எழும்பி ஓடி வந்தாள். அதற்குள் அவன் கம்பியில் போட்டுவிட்டு லொறிக்குப் போயிருந்தான். அன்று அவள் சமைக்கவில்லை. படியில் உட்கார்ந்து அந்தப் புதுச் சாரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. லுஹருக்குப் பாங்கு சொல்லும்போது அது காற்றில் லேசாக அசைந்தது. போய்த் தொட்டாள். ஒரு பக்க ஓரம் மட்டும், பழைய சாரன் சொட்டிய இடத்தில், நனைந்திருந்தது. மற்றதெல்லாம் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. அதை எடுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டு அரிசி களைந்தாள். இரண்டாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் மருமகன் வந்து குளித்து அதைக் கட்டிக்கொண்டு, ஓரம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டான். சொன்னார்கள். அடுத்த பயணத்திலிருந்து அவன் தன் சாரனை ஒரு முழம் தள்ளிக் காயப்போட்டான்.